மியூனிக்கிலிருந்து ரயிலில் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை: காலையில் போய் இரவில் திரும்ப முழு வழிகாட்டி

மியூனிக்குக்கு வருகிற உறவினர், நண்பர் யாராக இருந்தாலும் கேட்கிற முதல் இடம் அந்த வெள்ளைக் கோட்டைதான். டூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நாலைந்து பேராக ரயிலில் போனால் செலவு நன்றாகவே குறையும், எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் நம் இஷ்டம்.

ரயிலில் போகிறவர்கள் வழி தெரியாமல் தடுமாறுவது குறைவு. வேலைகளை வரிசை மாற்றிச் செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் ரயில் டிக்கெட்டை வாங்கிவிட்டு, மலையடிவாரத்துக்குப் போய் நின்றபிறகு கோட்டைக்கு டிக்கெட் தேடுவார்கள். அன்றைக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும்.

சரியான வரிசை இது: கிழமை, கோட்டை டிக்கெட், திரும்பும் ரயில், போகும் ரயில், கடைசியில் ரயில் டிக்கெட். எது தீர்ந்துபோகுமோ அதை முதலில் பிடிக்க வேண்டும். எது எப்போதும் கிடைக்குமோ அது கடைசியில். ஐரோப்பாவில் வேறு ஊருக்கு இப்படி ஒரு நாள் பயணம் போனாலும் இந்த வரிசை மாறாது.

1. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், ஒரிஜினல். பையர்ன் டிக்கெட் என்பது பவேரியா மாநிலத்தின் பிராந்திய ரயில்களில் ஒரு நாள் முழுக்கப் போய்வர உதவும் டிக்கெட். அதில் உங்கள் பெயர் இருக்கும். பரிசோதகர் அதோடு சேர்த்து அடையாள அட்டை கேட்கலாம். போனில் வைத்திருக்கும் போட்டோவை நம்ப வேண்டாம்.

ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்சே பானின் ‘டிபி நாவிகேட்டர்’ ஆப். ஊரில் இருக்கும்போதே இறக்கி, கணக்குத் திறந்து, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

கார்டு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். இந்திய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம் ஓ.டி.பி. ஜெர்மன் சிம் போட்டுக்கொண்டு இந்திய சிம்மைப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்; ஓ.டி.பி. அந்தச் சிம்முக்குத்தான் வரும். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். இல்லையென்றால் கோட்டை டிக்கெட்டை இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கொஞ்சம் யூரோ ரொக்கமும், சில்லறை நாணயமும் வேண்டும். ஸ்டேஷன் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள். மலையேறும் குதிரை வண்டிக்கும் ரொக்கம் கைகொடுக்கும்.

2. கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த நாள் என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதே அமையும். காரணம் பையர்ன் டிக்கெட்டின் விதி. திங்கள் முதல் வெள்ளி வரை அது காலை 9 மணிக்குத்தான் உயிர் பெறும். சனி, ஞாயிறு, பவேரிய அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். இரண்டு வகையிலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை பயன்படுத்தலாம்.

கோடையில் வார நாளே மேல் என்பேன். ஜூன் மாதத்தில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். 9 மணிக்குப் பிறகு கிளம்புவதால் ஒன்றும் குறைந்துவிடாது. சனிக்கிழமை ரயிலில் மலையேறிகள், சைக்கிள்காரர்கள், குடும்பங்கள் என்று கூட்டம் பிதுங்கும்.

குளிர்காலத்தில் கணக்கு நேர்மாறு. டிசம்பரில் மாலை 4.30 மணிக்கே இருட்டிவிடும். கோட்டையும் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை காலை 10 முதல் மாலை 4 வரைதான். (மற்ற மாதங்களில் காலை 9 முதல் மாலை 6 வரை.) அப்போது சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து 7 அல்லது 8 மணி ரயிலைப் பிடிப்பது புத்திசாலித்தனம். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் கோட்டை மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்கள் சரியாக இந்தத் தேதிகளில்தான் திட்டம் போடுகிறார்கள்.

ஞாயிறு போவதானால் கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவதை எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

3. கோட்டை டிக்கெட்: எந்த நேரத்தைப் பிடிப்பது?

நொய்ஷ்வான்ஷ்டைனுக்குள் நாமாகச் சுற்றிப் பார்க்க முடியாது. வழிகாட்டியோடு குழுவாக மட்டுமே உள்ளே விடுவார்கள். சுமார் அரை மணி நேரம். உங்கள் டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சாகியிருக்கும். அந்த நேரம் தாண்டினால் டிக்கெட் செல்லாது. ரயில் தாமதம் என்று சொல்லிப் பயனில்லை.

ஆகவே அன்றைய நாளில் நகர்த்தவே முடியாத ஒரே ஆணி இந்த நேரம்தான். மற்ற எல்லாவற்றையும் இதைச் சுற்றித்தான் கட்ட வேண்டும்.

கோட்டையின் அதிகாரபூர்வ டிக்கெட் மையத்தின் தளத்திலேயே வாங்குங்கள். கோடையில் பல நாட்கள் முன்னதாகவே நல்ல நேரங்கள் தீர்ந்துவிடும். அன்றன்றைக்கு கவுண்டரிலும் கொஞ்சம் கொடுப்பதுண்டு. ஆனால் மியூனிக்கிலிருந்து 9 மணிக்கு மேல் கிளம்பி நண்பகலில் போய்ச் சேருகிறவருக்கு அது மிஞ்சியிருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நொய்ஷ்வான்ஷ்டைனில் நுழைவுக் கட்டணம் இல்லை. இலவசம்தானே என்று பிள்ளைகளைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். குழுவில் அவர்களுக்கும் இடம் வேண்டும், அதனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

இப்போது கணக்கு. கோட்டைக்குப் பக்கத்து ரயில் நிலையம் ஃபியூஸென். மியூனிக்கிலிருந்து அதுவரை ரயில் சுமார் 2 மணி நேரம். வார நாளில் 9 மணி விதியைத் தாண்டி 10 மணியை ஒட்டிக் கிளம்பினால் 12 மணிக்கு ஃபியூஸென். அங்கிருந்து அடிவாரக் கிராமமான ஹோஹென்ஷ்வாங்காவுக்கு பஸ். ஓட்டம் 10 நிமிடம், காத்திருப்பையும் சேர்த்தால் 25 நிமிடம். அங்கே கழிப்பறை, தண்ணீர் என்று 15 நிமிடம் போகும். பிறகு மேலே ஏற 40 நிமிடம். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே கோட்டை வாசலில் நிற்கும்போது 1.20 ஆகியிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு 1.30 மணி டிக்கெட் வாங்குவதுதான் புதிதாக வருபவர்கள் செய்கிற பெரிய தவறு. ஃபியூஸெனுக்கு ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போயிற்று. அதனால் நான் சொல்கிற விதி: நீங்கள் பிடிக்க நினைக்கும் ரயிலை விட்டுவிட்டு அதற்கடுத்த ரயிலில் வந்தாலும் எட்டிப் பிடிக்கக்கூடிய நேரத்தை வாங்குங்கள். மேலே உள்ள கணக்கில் அது 2.30 மணி.

எதுவும் தப்பாகப் போகவில்லையென்றால் ஒரு மணி நேரம் மிச்சமிருக்குமே, என்ன செய்வது என்று கேட்பார்கள். கோட்டைக்குப் பின்னால் பள்ளத்தாக்கின் மேல் மாரியன்புருக்கெ என்ற பாலம் இருக்கிறது. எல்லாப் போட்டோவிலும் நீங்கள் பார்த்த அந்தக் கோணம் அங்கிருந்து எடுத்ததுதான். கோட்டையிலிருந்து 15 நிமிட நடை. மிச்ச நேரத்தை அங்கே செலவிடுங்கள். உள்ளே போட்டோ எடுக்க அனுமதி கிடையாது என்பதால் அன்றைய நல்ல படங்கள் எல்லாம் இந்தப் பாலத்தில்தான் கிடைக்கும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறீர்களா? உள்ளே சுமார் 165 படி ஏறி, 180 படி இறங்க வேண்டும். மலையேற்றம் அதற்கு மேல். முழங்கால் வலியோடு வரும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கோட்டைக்குள் போகாமல் கீழே ஆல்ப்ஸே ஏரிக்கரையில் அவர்களை உட்காரவைத்துவிட்டுப் போவதும் குறையில்லை. அந்த ஏரியே ஒரு பயணத்துக்குத் தகும்.

4. திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்

ஆப்பைத் திறந்ததும் எல்லோரும் போகும் ரயிலைத்தான் தேடுவார்கள். நீங்கள் ஃபியூஸெனிலிருந்து மியூனிக் என்று தேடுங்கள். அன்றைய கடைசி ரயில் எது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை மறந்துவிட்டு, அதற்கு இரண்டு ரயில் முந்தியதை உங்கள் கடைசி ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. உண்மையான கடைசி ரயில் ரத்தானால் இரவு ஃபியூஸெனில் தங்க வேண்டும், அல்லது டாக்ஸிக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு ரயில் முந்தியது ரத்தானால் ஒரு மணி நேர எரிச்சலோடு முடிந்துவிடும்.

2.30 மணி டிக்கெட்டென்றால் 3 மணிக்கு வெளியே வருவீர்கள். இறங்கி வர 30 நிமிடம், ஒரு காபி, பஸ், ஃபியூஸென். மாலை 5 மணியை ஒட்டிய ரயில் தோதாக இருக்கும்; 7 மணிக்கு மியூனிக்.

டைம்டேபிளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பா முழுக்க ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் புதிய கால அட்டவணை அமலுக்கு வரும். சென்ற வருஷம் போய்வந்த நண்பர் சொன்ன 9.50 ரயில் இந்த வருஷம் வேறு நேரத்தில் கிளம்பலாம். நண்பரின் நேரத்தை வைத்துத் திட்டம் போடாமல், உங்கள் தேதியைப் போட்டு நீங்களே தேடுங்கள்.

5. போகும் ரயில்: நேரடியா, மாறுவதா?

ஆப்பில் தேடும்போது உள்ளூர், பிராந்திய ரயில்களை மட்டும் காட்டும்படி ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தேடுங்கள். போடாவிட்டால் இடையில் ஒரு விரைவு ரயிலையும் கலந்து காட்டும். அதில் பையர்ன் டிக்கெட் செல்லாது.

சில ரயில்கள் நேராக ஃபியூஸென் போகும். சிலவற்றில் பூக்லோ அல்லது கௌஃப்பாய்ரனில் மாற வேண்டும். நேரடி ரயில் பத்திருபது நிமிடம் தள்ளி இருந்தாலும் அதையே எடுங்கள். மாறும் இடத்தில் ஆறேழு நிமிடம்தான் இருக்கும். முதல் ரயில் பத்து நிமிடம் தாமதமானால் இணைப்பு போய்விடும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஆப்பில் குறைந்தபட்ச மாற்ற நேரத்தை நீங்களே கூட்டி வைத்துத் தேடலாம்.

நகரின் மேற்குப் பக்கம் தங்கியிருப்பவர்கள் பாஸிங் ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம். பெரும்பாலான ரயில்கள் அங்கே நிற்கும். ஆனால் அதற்குள் பெட்டி நிரம்பியிருக்கும், நின்றுகொண்டு போகவும் தயாராக இருங்கள்.

6. இப்போது ரயில் டிக்கெட் வாங்குங்கள்

பையர்ன் டிக்கெட் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. இருக்கைக் கணக்கு கிடையாது, முந்தி வாங்கினால் விலை குறைவு என்பதும் கிடையாது. அதே சமயம் வாங்கியபின் மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ வழியில்லாத ரகம். அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். மழை வரும் போலிருந்தால் முந்தின நாள் இரவு வரை கூடப் பொறுக்கலாம்.

ஒருவருக்குச் சுமார் 30 யூரோ, கூடும் ஒவ்வொருவருக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு என்று விலை ஏறும். ஒரே டிக்கெட்டில் 5 பேர் வரை போகலாம். எத்தனை பேர் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். 6 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை.

மெஷினில் வாங்கினால் காகித டிக்கெட்டில் பெயர் எழுத இடம் விட்டிருக்கும். ஏறுவதற்கு முன்பே பேனாவால் எழுதிவிடுங்கள். வெற்றுக் கட்டத்தோடு பரிசோதகரிடம் நீட்டினால் பேச்சு வளரும். பையில் ஒரு பேனா இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தா வைத்திருப்பவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்கு அதுவே இந்த ரயிலில் செல்லும், 9 மணி விதியும் கிடையாது. மியூனிக்கில் வேலை பார்க்கும் தம்பி, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு போகிறார் என்றால் இரண்டு பேருக்கு மட்டும் பையர்ன் டிக்கெட் போதும்.

9 மணி விதியை இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வேண்டும். வார நாளில் 8.53-க்குக் கிளம்பும் ரயிலில், ஏழு நிமிடம்தானே என்று ஏறினால் அது டிக்கெட் இல்லாப் பயணம். அபராதம் 60 யூரோ, தலைக்கு. விடுதியிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் மெட்ரோவுக்கும் இதே கதைதான். 9 மணிக்குப் பிறகு மியூனிக்கின் உ-பான் (மெட்ரோ), எஸ்-பான் (புறநகர் ரயில்), டிராம், பஸ் எல்லாவற்றிலும் பையர்ன் டிக்கெட் செல்லும். அதற்கு முன் ஏறினால் தனியாக உள்ளூர் டிக்கெட் வாங்க வேண்டும். அந்த உள்ளூர் காகித டிக்கெட்டைச் சிறிய மெஷினில் முத்திரை குத்திக்கொள்வதும் நம் பொறுப்பு.

7. முந்தின நாள் இரவு பார்க்க வேண்டியவை

ஆப்பில் உங்கள் ரயிலைத் திரும்பத் தேடிப் பாருங்கள். தண்டவாள வேலை நடந்தால் பாதி வழிக்கு ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், எஸ்.இ.வி. என்ற மூன்றெழுத்தால் குறிப்பிடுவார்கள். வார இறுதிகளில் இது சகஜம். அப்படி இருந்தால் பயண நேரத்தோடு அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டிக்கொண்டு, ஒரு ரயில் முந்திக் கிளம்புங்கள்.

கோட்டை டிக்கெட், ரயில் டிக்கெட், ரயில் நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். குழுவில் ஒருவர் போனில் மட்டும் எல்லாம் இருப்பதும் ஆபத்து.

சாப்பாட்டுக்கு நம் வழக்கமே சிறந்தது. எலுமிச்சை சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போனால் ரயிலில் சாப்பிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அடிவாரக் கடைகளில் சைவம் என்றால் பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸான கேஸெஷ்பெட்ஸ்லெ, பிரெட்ஸல், உருளைக்கிழங்கு வறுவல் என்ற அளவில் நின்றுவிடும். விலையும் சுற்றுலா விலை. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, விடுதியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

8. மியூனிக் ஸ்டேஷனில்: பிளாட்பாரம் எங்கே?

மியூனிக் ஹௌப்ட்பான்ஹோஃப் மூன்று துண்டாக இருக்கும் ஸ்டேஷன். நடு ஹாலில் 11 முதல் 26 வரை. தெற்குப் பக்கம் ஒதுங்கி 5 முதல் 10. வடக்குப் பக்கம் ஒதுங்கி 27 முதல் 36. ஃபியூஸென் ரயில் இந்த வடக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதுண்டு. நடு ஹாலில் நின்று பலகையைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே’ என்று நடந்தால் ரயிலின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். போதாக்குறைக்கு ஸ்டேஷனில் பல வருஷமாகக் கட்டுமான வேலை நடக்கிறது. வழிகள் அடைபட்டுச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். 25 நிமிடம் முந்தி வந்துவிடுங்கள்.

அறிவிப்புப் பலகையில் நாலு சொல் தெரிந்தால் போதும். ‘க்ளைஸ்’ என்றால் தடம். ‘ஹாய்ட்டெ ஃபொன் க்ளைஸ்’ என்று ஓடினால் இன்று தடம் மாறிவிட்டது, அங்கே ஓடுங்கள். ‘ஃபெர்ஷ்பேட்டுங்’ தாமதம். ‘ஃபெல்ட் அவுஸ்’ என்றால் ரத்து. ஒலிபெருக்கியில் ஜெர்மனில் ஏதோ சொன்னவுடன் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால், நீங்களும் பலகையை நிமிர்ந்து பாருங்கள்.

உள்ளே போகத் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது. டிக்கெட்டை எங்கும் காட்டாமலே பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். சோதனை ரயிலுக்குள்தான்.

9. ரயிலுக்குள்

ஆர்.ஏ.சி., பெர்த், கோச் நம்பர் என்ற நம் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு ஏறுங்கள். இருக்கை எண் கிடையாது. காலியாக இருக்கும் இடம் உங்களுடையது. பெட்டியில் பெரிதாக 1 என்று போட்டிருந்தால் அது முதல் வகுப்பு. சாதாரண பையர்ன் டிக்கெட்டோடு அங்கே உட்காரக் கூடாது, காலியாக இருந்தாலும்.

கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளேயிருந்து இறங்கும்போதும் அப்படித்தான்.

எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பதையும் பாருங்கள். பவேரியாவில் ஒரே ரயிலாகக் கிளம்பி வழியில் துண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும் வண்டிகள் உண்டு. டேகர்ன்ஸே ஏரிக்குப் போகும் வண்டி இதற்குப் பேர்போனது; ஹோல்ஸ்கிர்ஷனில் பிரியும், ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரியும். பேச்சு சுவாரசியத்தில் தவறான பெட்டியில் இருந்தவர்கள் வேறு ஊரில் இறங்குவார்கள். பெட்டியின் வெளியே மின்பலகையில் ஊர்ப் பெயர் ஓடும். ஏறும் கதவுக்கு அருகில் உள்ள பலகையையே படியுங்கள், ரயிலின் முகப்பில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு ஓட வேண்டாம்.

கௌஃப்பாய்ரன் தாண்டியபின் போனைக் கீழே வையுங்கள். மார்க்ட்டோபர்டோர்ஃபுக்குப் பிறகு பச்சைப் புல்வெளிக்குப் பின்னால் ஆல்ப்ஸ் சுவர் போல எழும்பி வரும். ஃபியூஸென் கடைசி ஸ்டேஷன், இறங்க மறந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

10. ஃபியூஸெனில் இறங்கியதிலிருந்து கோட்டை வாசல் வரை

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பஸ் நிற்கும். 73 அல்லது 78. பையர்ன் டிக்கெட் இதிலும் செல்லும். தனியாகக் காசு கொடுக்காதீர்கள். மொத்த ரயில் கூட்டமும் அந்த ஒரு பஸ்ஸுக்குத்தான் ஓடும். குழுவில் ஒருவர் முன்னால் போய் வரிசையில் நின்றுகொள்ளட்டும். கழிப்பறையைப் பிறகு தேடலாம்.

ஹோஹென்ஷ்வாங்காவில் இறங்கியபின் மேலே போக மூன்று வழி. நடை: ஒன்றரை கிலோமீட்டர், தார் போட்ட ஏற்றம், 30 முதல் 40 நிமிடம். குதிரை வண்டி: பார்க்க ஜோர், ஆனால் முன்பதிவு கிடையாது, கோட்டை வாசல் வரையும் போகாது, இறங்கியபின் இன்னும் சிறிது தூரம் ஏற வேண்டும். மூன்றாவது, மாரியன்புருக்கெ அருகே விடும் சிறு பஸ். அங்கிருந்து கோட்டைக்கு இறக்கமாக 10, 15 நிமிடம் நடந்தால் போதும்.

என் விருப்பம், போகும்போது சிறு பஸ், வரும்போது நடை. பாலத்தைப் பார்த்துவிட்டு இறங்கிக் கோட்டைக்கு வந்துவிடலாம், ஒரே வழியை இரண்டு முறை ஏறி இறங்க வேண்டாம். பனி, உறைபனி நாட்களில் பஸ் ஓடாது, பாலத்தையும் மூடிவிடுவார்கள். அன்றைக்கு நடைதான் என்று கணக்கில் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டை முற்றத்தில் மின்பலகையில் குழு எண் வரும். உங்கள் எண் வந்ததும் டிக்கெட்டை ஸ்கேன் செய்து உள்ளே போகலாம். அதற்கு முன் ஸ்கேன் செய்தால் கதவு திறக்காது. பின்னால் நிற்பவர்கள் முறைப்பதுதான் மிச்சம். பெரிய பேக்பேக்கும் குழந்தை தள்ளுவண்டியும் உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் துணியில் கட்டி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

11. திட்டம் கவிழ்ந்தால்

கோட்டை நேரத்தைத் தவறவிட்டாலோ, டிக்கெட்டே கிடைக்காவிட்டாலோ நாள் வீணாகிவிடவில்லை. கோட்டையை வெளியிலிருந்து பார்க்கவும் பாலத்தில் நிற்கவும் கட்டணமே கிடையாது. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் அழகு என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஃபியூஸென் ஊரையும் பெரும்பாலானோர் பஸ் ஸ்டாப்பாகவே நினைத்துவிடுகிறார்கள். பழைய தெருக்கள், மேட்டில் ஹோஹெஸ் ஷ்லாஸ் கோட்டை, நடந்துபோகும் தூரத்தில் லெக்ஃபால் அருவி. பச்சை நீர் படிப்படியாக விழும் இடம் அது. அருகிலிருக்கும் ஃபோர்கன்ஸே ஏரிக்குக் கோடையில் மட்டும் போங்கள். அது நீர்த்தேக்கம், குளிர்காலத்தில் தண்ணீரை இறக்கிவிடுவார்கள், சேற்றுத் தரைதான் தெரியும்.

காலையிலேயே ரயில் ரத்து என்று தெரிந்தால் பையர்ன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வேறு திசையில் போய்விடலாம். அதே டிக்கெட் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும், பிராந்திய ரயிலில் போனால். ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறக் கூடாது. திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ஏறி பாஸ்போர்ட் கேட்பது வழக்கம். ஒரிஜினல் இல்லாமல் அங்கே போகவே போகாதீர்கள்.

12. திரும்பும்போது

ஹோஹென்ஷ்வாங்காவிலிருந்து ஃபியூஸெனுக்கு வரும் பஸ் மாலையில் நிரம்பி வழியும். முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் போகலாம் என்று நினைத்து, ரயிலுக்கு 40 நிமிடம் முன்பே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள்.

ஃபியூஸென் ஸ்டேஷனில் நிற்கும் ரயிலெல்லாம் மியூனிக் போகாது. சில ஆக்ஸ்பர்க் போகும். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, கண் அசந்து, ஆக்ஸ்பர்க்கில் விழித்தவர்கள் உண்டு. பெட்டியில் ஆக்ஸ்பர்க் என்று ஓடினாலும் ஏறலாம், தவறில்லை. ஆனால் பூக்லோவில் இறங்கி மியூனிக் ரயிலுக்கு மாற வேண்டும். போனில் பூக்லோ வரும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூங்கியே போனாலும் பையர்ன் டிக்கெட் ஆக்ஸ்பர்க்கிலும் செல்லும்; அங்கிருந்து அடுத்த பிராந்திய ரயிலில் மியூனிக் வந்துவிடலாம், அபராதம் கிடையாது.